தொட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

வீடு, தோட்டம், விசேஷ அலங்காரம் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் நான்கு கேள்விகள் இந்த வாரம்.

கேள்வி: மொட்டை மாடியில் மண் தொட்டிகள் வைத்து வண்ணம் தீட்ட ஆசை. போன வருடம் வாங்கியவை மழைக்குப் பிறகு செதில் செதிலாக உதிர்ந்துவிட்டன. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டினார். நல்ல தொட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, காட்பாடி

பதில்: மழையைக் குறை சொல்ல வேண்டாம். அந்தத் தொட்டிகள் சூளையில் சரியாக வேகவில்லை. வேகாத தொட்டியும் கடையில் சிவப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் மேலே காவி பூசியிருப்பார்கள். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு கையோடு வந்தால் அது பூச்சு. பூச்சு இருப்பது தப்பில்லை, ஆனால் அதை நம்பி வாங்கக் கூடாது.

தொட்டியை ஒரு கையில் தூக்கி, விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் வெந்தது. ‘சொத்’ என்றால் வேகாதது, இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளது. இன்னும் உறுதி வேண்டுமா? கடையில் உடைந்த தொட்டியின் ஓடு ஒன்றாவது கிடக்கும். அதே சூளையில் வந்த ஓடு என்றால் வாங்கி வந்து ஓர் இரவு தண்ணீரில் போடுங்கள். காலையில் ஓரத்தை நகத்தால் கீறினால் சேறாக வரக் கூடாது. நிறைய வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வீட்டில் துளை போடப் போய் உடைத்தவர்கள் ஏராளம்.

வண்ணம் என்றதும் பலர் எனாமல் பெயின்ட் வாங்குகிறார்கள். மண் தொட்டி உள்ளிருந்து ஈரத்தை வெளியே விடும். அது வெளியேற வழியில்லாமல் எனாமலைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். காவியும் சுண்ணாம்பும் போதும். காவி மேல் சுண்ணாம்பால் ஒரு புள்ளிக் கோலம் போட்டுப் பாருங்கள், நம் வெயிலில் அதைவிட அழகு எதுவும் இல்லை என்பேன். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் வெளியே வெள்ளையாகப் பூக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பெரிய தொட்டிகளை மாடியின் நடுவில் கூட்டமாக வைக்காதீர்கள். 12 அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு 20 கிலோ வரை வரும், அதனால் சுவரோரமாக வையுங்கள்.

வீட்டுக்குள் வைக்க, காட்பாடி பக்கத்துக் கரிகிரியில் செய்யும் மெருகிட்ட மண்பாண்டங்கள் இருக்கின்றன. காட்பாடியில் இருந்துகொண்டு பீங்கான் பூச்சாடியை வெளியூரில் வரவழைப்பானேன்? ஒன்று மட்டும், எந்த ஊர்ப் பாண்டமானாலும் அலங்காரத்துக்கென விற்றதில் ஊறுகாய், மோர் வைக்காதீர்கள். சில மெருகுப் பூச்சுகளில் ஈயம் இருக்கும், புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும்.

அந்த பில் வாசகத்துக்கு வருகிறேன். பொருளில் குறை இருந்தால் அந்த வாசகம் செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ஆகவே வாங்கிய வாரமே ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மகளின் முதல் பிறந்தநாளுக்கு மேடை அலங்காரம் பேசினோம். 12,000 ரூபாய், முன்பணம் 5,000. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தில் நிஜப் பூக்கள். வந்ததோ வெளுத்துப்போன துணிப்பூ. மீதிப் பணம் தந்தால்தான் கழற்றுவோம் என்று நின்றார்கள், கொடுத்துவிட்டோம். ஏதாவது செய்ய முடியுமா? – வாசகர், சத்துவாச்சாரி

பதில்: முடியும். குழந்தையின் முதல் பிறந்தநாள் திரும்பி வராது என்பதால் உங்கள் வருத்தம் புரிகிறது. பேசியதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. அவர் அனுப்பிய படம், பேசிய தொகை, பணம் போன விவரம், அன்று நீங்கள் எடுத்த படம் எல்லாமே ஆதாரம். எதையும் அழிக்காதீர்கள். என்ன பேசினோம், என்ன வந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று எழுதி முதலில் அவருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

அடுத்த முறை படத்தைக் காட்டி விலை பேசாதீர்கள், பொருளைச் சொல்லிப் பேசுங்கள். நிஜப் பூவா துணிப்பூவா, நிஜப் பூ என்றால் எத்தனை கிலோ, மேடை எத்தனை அடி, பலூன் எத்தனை, எத்தனை மணிக்குத் தயார், குப்பையை யார் அள்ளுவது. இதை ஒரே செய்தியாக அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். முகூர்த்த நாளில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூ விலை ஏறத்தான் செய்யும். ஏறினால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிட்டால், அலங்காரம் செய்பவருக்கும் அது நியாயம்.

கேள்வி: பிறந்தநாளுக்கு தெர்மாகோலில் பெயர் வெட்டித் தருகிறார்கள். வாங்கலாமா? – வாசகி, ஆற்காடு

பதில்: வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மாகோல், பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சி இரண்டும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கெட்டி அட்டையில் எழுத்து வெட்டி, மேலே குடியாத்தம் கைத்தறித் துண்டை ஒட்டுங்கள். பிறந்தநாள் முடிந்தும் சுவரில் இருக்கும். பின்னால் குருத்தோலைத் தோரணம் கட்டினால் மேடை நிறைந்துவிடும்.

கேக் வெட்டும் இடத்தில் மிதக்கும் பலூன் கட்டுவதாக இருந்தால் உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். ஹீலியம் எரியாது. மலிவாகக் கிடைப்பது ஹைட்ரஜனாக இருக்கலாம், மெழுகுவத்தி பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். நுரை தெளிக்கும் ஸ்ப்ரேயையும் எரியும் மெழுகுவத்தி பக்கம் அடிக்க விடாதீர்கள், அதிலிருக்கும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. குழந்தைகள் முகம் கேக்கின் உயரத்தில்தான் இருக்கும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆம்பூர் பக்கம் கிலோ கணக்கில் வாங்கிய தோல் துண்டுகளில் சாவிக்கொத்து, புத்தகக் குறி செய்து விற்க ஆசை. அசல் தோலா ரெக்சினா என்று எப்படித் தெரியும்? – மாணவி, வாணியம்பாடி

பதில்: வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அசல் தோல் நார் நாராக இருக்கும். ரெக்சினில் மேலே வழவழப்பான ஒரு படலம், அடியில் நெய்த துணி. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு: அடித்தோல் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அதை மடித்து அழுத்தினால் மடிப்பில் பூச்சு வெடிக்கும். வாசனையை நம்ப வேண்டாம், அதையும் சேர்க்கிறார்கள். கொளுத்திப் பார்க்கச் சொல்லுவார்கள், செய்யாதீர்கள்; குரோமியத்தில் பதனிட்ட தோலின் புகை உடம்புக்குக் கெடுதல். மூட்டையாக வாங்கும்போது மேலாக இருப்பதைப் பார்த்து விலை சொல்லாமல் அடியிலிருந்து நாலு துண்டு எடுத்துப் பாருங்கள். நீங்கள் விற்கும்போதும் எது தோல், எது ரெக்சின் என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.