இ.ஜி.ஆர். வால்வு வாங்கும் முன் அந்த ஒற்றை எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் 1987 செவ்ரலே கார்வெட் வைத்திருக்கிறேன், 5.7 லிட்டர் எல்98 எஞ்சின். நைட்ரஜன் ஆக்சைடு கூடுதல் என்று ஸ்மாக் (புகை மாசு) சோதனையில் வண்டி தோற்றுவிட்டது. மேடு ஏறினால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும்) சத்தம் வருகிறது, வண்டிக் கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு 32-ம் விழுகிறது. வொர்க்‌ஷாப்பில் இ.ஜி.ஆர். (புகை மறுசுழற்சி) வால்வில் வேக்குவம் (காற்று உறிஞ்சல்) நிற்கவில்லை, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். நண்பர் ஒருவர் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அடைக்கவே கூடாது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு, எரியும் சூட்டைத் தணிப்பதுதான் இந்த வால்வின் வேலை. அதை அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும், நாக்கிங்கும் ஏறும். கலிஃபோர்னியாவில் கண்ணால் பார்க்கும் பரிசோதனையிலேயே வண்டி தோற்கும்.

‘வேக்குவம் நிற்கவில்லை’ என்பதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் வால்வின் தலையில் பாக எண் குத்தியிருக்கும். அதன் கடைசியில் ‘பி’ அல்லது ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ வகையில் உள்ளே இருக்கும் காற்றுக்கசிவுத் துளை எஞ்சின் நிற்கும்போது திறந்தே இருக்கும். புகை அழுத்தம் வந்தால்தான் மூடும். நல்ல வால்வாக இருந்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சோதித்தால் வேக்குவம் நிற்காது. இது தெரியாமல் நல்ல வால்வுகளைத் தூக்கிப் போடுகிறார்கள். ‘என்’ வகையில் நிற்க வேண்டும்: கைப் பம்பால் வேக்குவம் ஏற்றினால் 20 விநாடி இறங்கக் கூடாது. அப்படியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் டயாஃப்ரம் (வேக்குவம் இழுக்க மேலேறி வால்வைத் திறக்கும் சவ்வு) சட்டென்று கீழே இறங்கும். அந்த ஒரு கணம் எஞ்சின் தடுமாறினால் புகைவழியும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். டயாஃப்ரம் இறங்கியும் தடுமாற்றமே இல்லையென்றால் வழியில் கரி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். புது வால்வு போட்டும் பலன் இருக்காது.

வால்வைத் தொடும் முன் வேக்குவம் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். இத்தனை வருடச் சூட்டில் விறைத்து, நுனியில் வெடித்திருக்கும். அடுத்தது வால்வுக்கு வேக்குவத்தை விடும் சொலினாய்ட் (மின்சாரத்தில் திறந்து மூடும் கட்டுப்பாடு). அதற்கடுத்தது வெப்பநிலை சுவிட்ச்: சூடான புகை வருகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். சுவிட்ச் செத்தாலோ, அதன் ஒயர் உரசித் தரைப்பட்டாலோ வால்வு நன்றாக இருக்கும்போதே 32 விழும். குறியீட்டை வீட்டிலேயே படிக்கலாம். சோதனைப் பிளக்கின் ஏ, பி முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டாஷ்போர்டில் உள்ள எஞ்சின் கோளாறு விளக்கு முதலில் 12 என்று மூன்று முறை சிமிட்டும், பிறகு இருக்கும் குறியீடுகள் வரும்.

வால்வுதான் போயிருக்கிறது என்றால், பழையதில் உள்ள அதே எழுத்து வகையையே வாங்குங்கள். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ வகை வால்வுகள் துளை அளவு குறைக்கும் வாஷர்களோடு வரும். உங்கள் எஞ்சினுக்கு உரியதைப் போடாவிட்டால் புகை கூடியோ குறைந்தோ போகும். சுவிட்சை மாட்டும் மரைத்துளை புதியதில் இருக்கிறதா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள்.

வேலை கொஞ்சம் நீளம், ஏனென்றால் வால்வு பிளீனத்துக்கு (எஞ்சின் மேலுள்ள காற்றுப் பெட்டி) அடியில் இருக்கிறது. வால்வை மட்டும் வாங்கி வேலையில் இறங்கிப் பாதியில் நிற்பவர்கள் அதிகம். பிளீனம் கேஸ்கெட் செட், வால்வு கேஸ்கெட், ஹோஸ், டி-40 டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை) எல்லாம் கையில் வந்த பிறகு தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். த்ராட்டில் பாடி (காற்று நுழையும் வாய்) வழியாகக் கூலன்ட் ஓடுவதால் எஞ்சின் ஆறியதும் கொஞ்சம் வடித்துவிடுங்கள். பிளீனம் கழன்று வந்ததும் கீழே தெரியும் துளைகளில் சுத்தமான துணியைத் திணியுங்கள். ஒரு கரித்துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். வால்வின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, வழியிலுள்ள கரியை ஒரு கையால் சுரண்டிக்கொண்டே மறு கையில் வேக்குவம் கிளீனர் குழாயைப் பிடியுங்கள். பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் காற்று கசியும்.

நைட்ரஜன் ஆக்சைடு அதன் பிறகும் இறங்கவில்லையென்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகைக்குழாயில் மாசைக் குறைக்கும் பாகம்) சோதியுங்கள்.