லேமினேட் செய்யலாமா?
வட்டார வரலாற்றுக் கழகத்தினர் கேட்டவையும் எங்கள் பதில்களும்

எங்கள் கழகத்துக்கு ஒரு குடும்பத்தார் டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்களும் பத்திரங்களும் கொடுத்திருக்கிறார்கள். மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், விரிக்கும்போதே கிழிகிறது. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் பொருளாளர். செய்யலாமா?

வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக்கின் பசை உருகிக் காகித நார்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எளிதில் பிரிக்க முடியாது. காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் உள்ளே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். பெரிய ஆவணக் காப்பகங்களே இதில் சூடுபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதி முதல் வில்லியம் பாரோ என்பவரின் முறைப்படி ஏராளமான ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிடேட் தாள்களுக்கிடையே வைத்து ஒட்டினார்கள். காலப்போக்கில் அந்த அசிடேட்டே சிதைந்து அமிலம் கக்கியது. பின்னால் வந்தவர்கள் அதைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று.

எதையும் விரிப்பதற்கு முன் பெட்டி இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். மேல் அடுக்கை எடுத்ததும் அடுத்த அடுக்கைப் படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தப் பத்திரத்தோடு ஒரே கட்டில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். தேதிவாரியாக அடுக்கிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் கட்டுகளைக் கலைத்துவிட்டால் அதை யாராலும் மீட்க முடியாது.

காய்ந்த தாளை விரிக்காதீர்கள். முதலில் ஈரக்காற்றில் நெகிழவிடுங்கள். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடாமல் உயரமாக ஒரு துருப்பிடிக்காத கம்பித்தட்டை வையுங்கள். தட்டின்மேல் உறிஞ்சுதாள், அதன்மேல் மடித்த கடிதம். மூடியில் நீர் கோத்துச் சொட்டும் என்பதால் மூடியின் உட்புறமும் ஓர் உறிஞ்சுதாளை ஒட்டிவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். பெரும்பாலான தாள்கள் சில மணி நேரத்தில் நெகிழ்ந்துவிடும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் பூஞ்சை வரும். நெகிழ்ந்த தாளை விரல் நுனியால் மெல்ல விரித்து, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகையும் எடையும் ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உறிஞ்சுதாளை மாற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு மைச் சோதனை. ஓரத்தில் ஒரு புள்ளியைச் சற்றே ஈரமான பஞ்சுமுனையால் தொடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளுக்கு ஈரமே ஆகாது. ரப்பர் முத்திரை மையும் காப்பி பென்சில் (ஈரம் பட்டால் ஊதா மையாக மாறும் பழைய பென்சில்) எழுத்தும் பெரும்பாலும் கரையும். பழுப்பேறிய இரும்பு மையால் எழுதி, எழுத்துள்ள இடங்களில் தாளே ஓட்டை விழுந்திருந்தால் கை வைக்காமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

கிழிசலுக்குச் செல்லோடேப் கூடாது. நாடா உதிர்ந்த பிறகும் அதன் பசை மஞ்சள் கறையாகத் தங்கிவிடும். பாலியெஸ்டர் உறை (மைலார் என்ற பெயரில் அறிமுகமானது) போதும். கிழிந்த துண்டுகளும் உள்ளே இருந்த இடத்திலேயே நிற்கும், எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். வாங்கும்போதே நெடியடிக்கும் பிவிசி உறையைத் தொடாதீர்கள். செய்தித்தாள் நறுக்குகளைத் தனியாக வையுங்கள். மரக்கூழ்க் காகிதத்தின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

அலமாரியில் அந்துருண்டை போட்டும் ராமபாணப் பூச்சி குறையவில்லையே?

குறையாது. அந்துருண்டையின் நெடி பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் உடம்புக்குத்தான் கேடு. ராமபாணப் பூச்சி ஈரப்பதத்தைத் தேடி வருவது. அறையின் ஒப்பு ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அது பெருகாது. ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

புதிதாக வரும் எதையும் நேரே அலமாரியில் ஏற்றாமல் தனி அறையில் வைத்துச் சோதியுங்கள். அடியில் கருப்புத் தாள் விரித்துவைத்தால் ஒரு வாரத்தில் புதிய மரத்தூள் கொட்டியிருக்கிறதா என்று தெரியும். கொட்டியிருந்தால் உள்ளே துளைக்கும் வண்டு உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட புத்தகத்தைப் பாலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 30 எட்டும் பெட்டி கிடைத்தால் மூன்று நாள் போதும். எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த தாளின்மேல் நீர் படியும், பூச்சி போய்ப் பூஞ்சை வரும். கண்ணாடித் தட்டு நெகட்டிவ், எண்ணெய் வண்ண ஓவியம், ஒலிநாடா ஆகியவற்றுக்கு இந்த வைத்தியம் கிடையாது.

பழைய புகைப்படங்களின் பின்னால் பெயர் எழுதலாமா? எந்த அளவில் ஸ்கேன் செய்வது?

மென்மையான பென்சிலால், விளிம்போரமாக, படத்தைக் கடினமான கண்ணாடிமேல் கவிழ்த்துவைத்து, அழுத்தாமல் எழுதலாம். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், மார்க்கர் மை ஊடுருவும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின்மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே நுழையுங்கள். பக்கமே ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களைச் சீக்கிரம் வெளியே எடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிய்க்க வேண்டாம்.

ஸ்கேன் அளவை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கில் முடிவு செய்வதைவிட, நீளப் பக்கத்தில் குறைந்தது 4000 புள்ளிகள் வருமாறு பாருங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 2400 டிபிஐ தேவைப்படும், முழுப்பக்கப் படத்துக்கு 400 போதும். மூலக்கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். பார்வைக்கு மட்டும் ஜேபெக். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கோப்புப் பெயரில் விவரம் எழுதாமல் எண் மட்டும் கொடுங்கள். விவரம் பதிவேட்டில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில்.

பழைய பிலிம் நெகட்டிவ் இருந்தால் ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கக்கூடும். கோடாக் அதை 1951இல்தான் அடியோடு நிறுத்தியது. நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் தண்ணீருக்குள்ளும் எரியும். சந்தேகம் வந்த உடனே மற்றச் சேகரிப்பிலிருந்து பிரித்துவையுங்கள்.

ஊரில் வயதானவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யத் தொடங்குகிறோம். போன் போதுமா?

மைக் நல்லதாக இருந்தால் போதும். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். வாவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரண்டு தடமாகப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகும். அதனால் முன்கூட்டியே இடத்தைக் காலிசெய்துகொள்ளுங்கள், விமானப் பயன்முறையில் போடுங்கள். ஃபேனும் ஃப்ரிட்ஜும் பேச்சைத் தின்றுவிடும். அணைக்க முடியாவிட்டால் அறையை மாற்றுங்கள். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயர்களைச் சொல்லிப் பதியுங்கள்.

பொதுவாகக் கெடுவது கருவியால் அல்ல, கேள்வியால். "அந்தக் காலத்தில் கஷ்டமாக இருந்ததா?" என்றால் "ஆமாம்" என்று முடிந்துவிடும். "காலையில் எழுந்து வேலைக்குப் போகும் வரை என்னென்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பேச்சு நடக்கும். பழைய வரைபடத்தையோ புகைப்படத்தையோ முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர் "இது இங்கே" என்று விரல் வைக்கும்போது எதைக் காட்டினார் என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆண்டு கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள். திருமணத்துக்கு முன்பா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா என்று கேட்டால் காலம் தானே அகப்படும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம், பொறுத்திருந்தால் பெரும்பாலும் மீதியைச் சொல்வார்.

ஒப்புதலை இரண்டு கட்டமாக வாங்குங்கள்: பதிவுக்கு முன்னால் பேசச் சம்மதம், பேசி முடித்த பின் பயன்படுத்தும் உரிமை. என்ன பேசப்போகிறோம் என்று அவருக்கே தெரியாதபோது கையெழுத்து வாங்குவது முறையல்ல. இந்தப் பகுதியை இத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்று அவர் சொல்ல இடம் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். ஆள் இல்லாவிட்டால் நிமிடவாரியாகப் பொருட்குறிப்பு மட்டுமாவது எழுதிவையுங்கள்.

தேய்ந்துபோன கல்லறைக் கல்லில் எழுத்து தெரியச் சுண்ணக்கட்டி தேய்க்கலாமா?

கூடாது. சுண்ணக்கட்டி, மாவு, கம்பித் தூரிகை, அமிலம், பிளீச்சிங் பவுடர் எல்லாமே கல்லைத் தின்பவை அல்லது துளைகளில் தங்கிப் பாசிக்கு இடம் கொடுப்பவை. தேவையானது வெளிச்சம். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில், பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பகலில் ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டாலும் நடக்கும். நாலு பக்கத்திலிருந்தும் அடித்து நாலு படம் எடுத்தால், ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும்.

இதையே முறைப்படுத்தியது ஆர்டிஐ என்ற நுட்பம் (தகவல் உரிமைச் சட்டம் அல்ல). அடிப்படையை 2001இல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். கேமராவை அசையாமல் நிறுத்தி, கல்லருகே பளபளப்பான கருப்பு உருண்டை ஒன்றை வைத்து, விளக்கை மட்டும் குடைபோல் சுற்றி நகர்த்தி ஐம்பது படம் வரை எடுப்பார்கள். உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு மென்பொருள் விளக்கின் திசையைக் கணிக்கும். பிறகு திரையில் வெளிச்சத்தை விரும்பிய பக்கம் திருப்பிப் படிக்கலாம்.

கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் வெறும் தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை, கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். தட்டினால் பொள்ளென்று கேட்கும் கல்லையும், பரப்பு உதிரும் கல்லையும் கழுவவே வேண்டாம். உடைந்த கல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டவும் வேண்டாம். சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. அடுத்த விரிசல் கல்லில்தான் விழும்.

அறை நிரம்பிவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம். மறுத்தால் கோபித்துக்கொள்வார்களே?

சேகரிப்புக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி, கூட்டத்தில் நிறைவேற்றுங்கள்: எந்த நிலப்பரப்பு, எந்தக் காலம், எந்த வகைப் பொருள். மறுப்பது பிறகு நீங்கள் அல்ல, தீர்மானம். "நிரந்தர இரவல்" என்று எதையும் வாங்காதீர்கள். பேரன் வந்து கேட்பான். நன்கொடைப் படிவத்தில் உரிமை முழுதும் மாறுகிறது என்று இருக்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்தவருக்கு அதன் பதிப்புரிமை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது பொதுவாக எழுதியவருடையது, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது.

எண் தரும்போது ஆண்டு, வரவின் வரிசை, உருப்படி என்று மூன்றாகப் பிரியுங்கள்: 2025.14.3 என்றால் அந்த ஆண்டின் பதினான்காவது வரவில் மூன்றாம் பொருள். மண், உலோகப் பொருள்களில் பாரலாய்ட் பி-72 அரக்கை மெல்லப் பூசி, காய்ந்ததும் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. அசிட்டோன் தொட்டால் அழிந்துவிடும், பொருளுக்குத் தழும்பு இல்லை. பிளாஸ்டிக் பொருள்களில் இதைச் செய்யாதீர்கள், பொருளே கரையும். துணிக்கு நாடாவில் எழுதித் தைக்கலாம். பதிவேடு இரண்டு பிரதி. இந்த எண் பதிவேட்டில் இல்லாத பொருள், எவ்வளவு பழையதானாலும், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருள்தான்.

வெள்ளைக் கையுறை கட்டாயமா?

காகிதத்துக்கு வேண்டாம். பருத்தி உறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து தாள் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த வெறுங்கை போதும். புகைப்படம், நெகட்டிவ், உலோகம் மூன்றுக்கும் நைட்ரைல் உறை போடுங்கள்.