மலிவு இறாலும் ஒரு செயலியும்

கேள்வி: அக்கா, நான் ஈசூனில் இருக்கிறேன். என் அம்மாவுக்கு 64 வயது. ஃபேஸ்புக்கில் மீனும் இறாலும் மலிவாகக் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார். அவர்கள் அனுப்பிய இணைப்பைத் தட்டி ஒரு செயலியைப் போனில் ஏற்றியும்விட்டார். ஐந்து வெள்ளி முன்பணம் கட்டும் நேரத்தில் நான் பார்த்துத் தடுத்தேன். செயலியை நீக்கிவிட்டோம். இத்தோடு விட்டுவிடலாமா? அம்மா அன்றிலிருந்து போனைத் தொடவே பயப்படுகிறார்.

பதில்: விட்டுவிடாதீர்கள் தம்பி. இதைப் படித்ததும் அம்மாவின் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்து அம்மாவின் வங்கியை அழைத்து, கணக்கில் நடந்ததை எல்லாம் சரிபார்க்கச் சொல்லுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும், அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல்லையும் வேறொரு கருவியில் மாற்றுங்கள். அந்தப் போனிலேயே மாற்றினால் புதிய கடவுச்சொல்லையும் திருடனுக்கே சொல்வதுபோல் ஆகிவிடும். பணம் போயிருந்தால் போலிஸில் புகார் கொடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு போனைத் துடைத்து (ஃபேக்டரி ரீசெட்), வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆக்கிவிடுங்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக ஏற்றுங்கள். ஐகானை அழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐகானை மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும் செயலிகளும் உண்டு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் பெரியம்மா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். தீபாவளிக்கு முன் வீவக (HDB) வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடி, இதேபோல் ஒரு செயலியை ஏற்றியிருந்தார். நான் போனின் அமைப்புகளுக்குள் போய் 'அணுகல்தன்மை' என்ற பகுதியைத் திறந்தேன். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை நடுங்குபவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவான நல்ல வசதி அது. அங்கே அந்தச் சுத்தம் செய்யும் செயலியின் பெயருக்கு எதிரே 'ஆன்' என்று இருந்தது. அந்த ஒரு அனுமதி போதும். திரையில் தெரிவதைப் படிக்கலாம், தட்டும் எழுத்துகளைப் பிடிக்கலாம், நமக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்தலாம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியும் அதன் கைக்குப் போய்விடும். "ராத்திரியில் போன் அதுவாகக் கறுப்பாகி நின்றது, போன் பழசுன்னு நினைச்சேன்" என்றார் பெரியம்மா. திரையைக் கறுப்பாக்கிவிட்டுப் பின்னால் பணத்தை மாற்றுவது இவர்களின் வழக்கம். அவர் கணக்கில் பெரிய தொகை இல்லாததால் தப்பினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2024 முதல் சிங்கப்பூரில், ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் கூகுள் பிளே புரொடெக்ட் என்ற காவல் வசதி, இப்படி வெளியிலிருந்து வந்து ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் செயலிகளைத் தானே தடுக்கிறது. அதனால் மோசடிக்காரர்கள் இப்போது "முதலில் பிளே புரொடெக்டை அணையுங்கள்" என்று அன்பாக வழிகாட்டுகிறார்கள். அம்மாவுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: அதை அணைக்கச் சொல்பவன் திருடன். அப்புறம், சேமிப்பில் ஒரு பகுதியை வங்கியின் 'மணி லாக்' வசதியில் பூட்டிவைக்கலாம். 2023 நவம்பரில் வந்தது அது. பூட்டிய பணத்தை இணையம் வழியாக மாற்ற முடியாது. திறக்க வேண்டுமென்றால் வங்கிக் கிளைக்கோ, சில வங்கிகளில் ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டும். அலைச்சல்தான், ஆனால் திருடனால் அங்கே போக முடியாதே.

அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார், மறைத்தால் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே சந்தைக்கான பட்டியலை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பயம் தானாகப் போகும்.

கேள்வி: தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு, கடன் விவரம் எல்லாம் ஒரே கணினியில். ஹார்டு டிஸ்க் ஒன்றை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன், தினமும் பிரதி ஏறுகிறது. இது போதும்தானே?

பதில்: போதாது அண்ணாச்சி. அந்த 'எப்போதும் செருகியே' என்பதில்தான் வினை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இதே ஏற்பாடுதான். ஒரு காலை கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத வால் முளைத்திருந்தது, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்தப் பிணைநிரல் (ரேன்சம்வேர்) கணினியில் இருப்பதை மட்டும் பூட்டுவதில்லை. செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். மூன்று வருட ரசீதுகள் போயின.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. பிரதி ஏறியதும் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி நாலு வருடமாக ஏறியிருந்தும் என்ன பயன்?

கணினியில் விண்டோஸ் 10 என்றால் அதையும் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்துவிட்டன. 2017 மே மாதம் வானாகிரை என்ற பிணைநிரல் உலகத்தையே உலுக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். "அப்டேட் வேணுமா?" என்று கேட்டால், கடை அடைக்கும்போது போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: சிம் லிம் ஸ்குவேரில் ரவுட்டர் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரை இருக்கும், அதில் நட்சத்திரக் குறிகளை எண்ணுங்கள். நான்கு வரை உண்டு, கூடுதலாக இருந்தால் கூடுதல் சோதனை தாண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு.