ஆமாங்க, அந்தக் கோப்பை நிஜம்தான். நான் கேலரியில் இருந்தேன்

கேள்வி: "சென்னை சிட்டி எஃப்சி என்று ஓர் அணி ஐ-லீக் கோப்பையை ஜெயித்ததாக நண்பர் ஒருவர் சொல்கிறார். தேடிப் பார்த்தால் அப்படி ஓர் அணி இப்போது எந்த லீக்கிலும் இல்லை. உண்மையா, சும்மா அளக்கிறாரா?"

உங்கள் நண்பர் அளக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நீங்கள் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வந்த பிறகு கால்பந்து பார்க்க ஆரம்பித்தவர் என்று நினைக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் "அப்படி ஓர் அணியே இல்லை" என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அதனால்தான் இந்த நீளமான பதில்.

2018-19 ஐ-லீக் சீசன். ஐஎஸ்எல்லுக்கு முன்பிருந்தே நடந்துவந்த தேசியக் கால்பந்து லீக் அது. 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம். சென்னை சிட்டி 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1). கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் எங்கள் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருப்பது. சென்னையில் இருப்பதும் நேரு ஸ்டேடியம்தான் என்பதால் வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

அதற்கு முந்தைய வருடம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்த அணி இது. இருந்த நல்ல பையன் மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினில் கீழ்மட்டப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த நாலைந்து பேரைக் கூட்டி வந்தார்கள். பெட்ரோ மான்ஸி, சாண்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவா. மான்ஸி உருகுவேயில் பிறந்தவர். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக், சீசன் முடிவில் 21 கோல். கூட நம்ம பையன்கள்: எட்வின், ரொமாரியோ, அஜித்குமார், சூசைராஜின் அண்ணன் ரெஜின். பந்தைத் தூக்கி அடிக்காமல் காலுக்குக் கால் கொடுத்து ஆடுவார்கள். எனக்கு டேக்டிக்ஸ் எல்லாம் பேச வராது. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி என் கதை. 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். எதிரணி மினர்வா பஞ்சாப், அதற்கு முந்தைய வருட சாம்பியன். நாங்கள் 40, ஈஸ்ட் பெங்கால் 39. முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்காமல் ஜெயித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். எனக்கோ கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் செகண்ட் ஷிஃப்ட். ஃபுட்பால் மேட்ச் என்று சொன்னால் லீவு கிடைக்காது, கிரிக்கெட் என்றாலாவது யோசிப்பார்கள். மாமனாருக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டேன். அந்த மாமனாரின் மகன், என் மச்சினன், ஸ்டேடியம் வாசலில் எனக்காகச் சுண்டல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் மினர்வாவின் பிலாலா கோல் அடித்துவிட்டார். கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தய டிராக் இருப்பதால் பந்து உள்ளே போனதே எங்களுக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் புரிந்தது. பக்கத்தில் போத்தனூரிலிருந்து வந்திருந்த பெரியவர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவராம், "இன்னும் 87 நிமிசம் இருக்குதுங்க தம்பி, நீங்க சுண்டலைச் சாப்பிடுங்க" என்றார். எனக்கு இறங்கவில்லை.

அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. மச்சினனுக்குப் பாலக்காட்டில் வேலை. அவனுடைய நண்பன் ஒருவன் கோழிக்கோடு மைதானத்தில் இருந்தான், ஃபோனிலேயே சேதி. எங்கள் வரிசை முழுக்க அந்த ஒரு ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் இங்கே 0-1, அங்கே 0-0. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஒன்று போட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது, மான்ஸி அடித்தார், 1-1. 69ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா. அசாம்காரர், தடுப்பாட்டக்காரர். கோலுக்காக நாங்கள் யாரும் எதிர்பார்த்த ஆள் இல்லை. 2-1. கிட்டத்தட்ட அதே சமயம் ஃபோனில் "அளியா (மச்சான்), கோகுலம் கோல்!" என்று அலறல். பெரியவர் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார், பொட்டலம் கீழே போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம்.

பத்து நிமிடத்தில் ஃபோன் மறுபடி அடித்தது. ஈஸ்ட் பெங்காலுக்குப் பெனால்டி, 1-1. இன்னும் கொஞ்ச நேரத்தில் மச்சினன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். "என்னடா?" "மாமா, ரெண்டு போட்டுட்டானுங்க." கணக்குத் தெரிகிறதா? இங்கே மினர்வா ஒன்று திருப்பினால் எங்களுக்கு 41, அவர்களுக்கு 42. ஐந்தாறு நிமிடத்தோடு கூடுதல் நேரமும் இருந்தது. கோலை நோக்கி பந்து வந்தபோதெல்லாம் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு "போயிருச்சா, போயிருச்சா" என்று என்னைக் கேட்டார். நானும் மூடிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

கூடுதல் நேரத்தில் அதே போரா இன்னொன்று. 3-1. அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகமில்லை. தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சு வரவில்லை என்பது மட்டும் தெரியும். திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனால் சூப்பர்வைசர் லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "என்னப்பா, உங்க மாமனார் 3-1 ஜெயிச்சுட்டாராமே?" என்றார்.

"ஐ-லீக் இரண்டாம் தரம்தானே, இதுக்கு இவ்வளவு அலம்பலா?" என்று கீழே எழுத இரண்டு பேர் வருவார்கள். வாங்க. அந்த வருடம் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டும் இந்த லீக்கில்தான் ஆடின. ஜெயித்த அணிக்கு, ஆசிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் இடம். 2020 ஜனவரியில் பஹ்ரைனுக்குப் போய் ரிஃபா கிளப்போடு ஆடி 1-0 தோற்றார்கள். சூப்பர் கோப்பையில் ஐஎஸ்எல் அணியான பெங்களூரு எஃப்சியைத் தோற்கடித்ததையும் தேடிப் பாருங்கள். 2017இல் ஐஸால், 2018இல் மினர்வா, 2019இல் நாங்கள். மூன்று வருடம் தொடர்ந்து, பெரிய பெயர் இல்லாத அணிகளே இந்தக் கோப்பையைத் தூக்கின. அப்படியிருந்தும் ஜெயித்தால் மேலே ஐஎஸ்எல்லுக்குப் போகும் வழி அப்போது கிடையாது. பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனைப் பதினொன்றில் சேர்க்காத மாதிரி.

பிறகு என்ன ஆனது என்றால், மான்ஸி ஜப்பானுக்குப் போனார், எட்வின் சென்னையின் எஃப்சி அணிக்கு, ரொமாரியோ எஃப்சி கோவா அணிக்கு. கொரோனா வந்தது. 2020-21 சீசனை மொத்தமாக மேற்கு வங்கத்தில் பூட்டிய மைதானங்களில் நடத்தினார்கள். அதற்கு அடுத்த சீசனில் அணியே இல்லை. உள்விவகாரம் பேச நான் நிர்வாகத்தில் இருந்தவனில்லை. இனி அந்தக் கேலரிக்குப் போய் உட்கார எனக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அது தெரியும்.

அந்த ஆட்டத்தின் டிக்கெட்டை இங்கே படம் எடுத்துப் போட்டிருப்பேன். பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தேன். போன வருடம் வீட்டு ஓனர் தன் மகளுக்கு வீடு வேண்டும் என்று பதினைந்து நாளில் காலி பண்ணச் சொன்னார். அவசரத்தில் மூட்டை கட்டியதில் அது எங்கே போனதோ.

ஒரு வேண்டுகோள். அன்றைக்கு எதிர்ப் பக்கக் கேலரியிலிருந்து யாராவது படம் எடுத்திருந்தால் கமென்ட்டில் போடுங்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை, பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், காலடியில் சிதறிய சுண்டல். அது நாங்கள்தான்.