ஒரே பக்கத்தில் நிற்கிறேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிப் பேர் வாசிப்பையும் மனசையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். கிளை நூலகம் ஒன்றில் 30 வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான், அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. முன்பெல்லாம் வாரம் ஒரு நாவல் முடிப்பேன். இப்போது எதை எடுத்தாலும் அதே பக்கம், அதே பத்தி. "எந்தக் கவலைக்கும் புத்தகம்தான் மருந்துன்னு சொல்லுவியே" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு என்னவோ ஆகிவிட்டதா? (வாசகி, தாராபுரம்)

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லைம்மா. அம்மா போயிருக்கிறார்கள், அதுதான் ஆகியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவனம் நிற்காமல் போவது ரொம்பச் சாதாரணம், அதிலும் நாவல் நம்மிடம் நிறைய வேலை வாங்கும், யார் யாருக்கு அண்ணன், போன அத்தியாயத்தில் யார் கோபித்துக்கொண்டு போனது என்று எல்லாவற்றையும் மனசில் சுமந்துகொண்டே போக வேண்டும், பாதி மனசு அம்மாவிடம் இருக்கும்போது மீதிப் பாதியால் அதைச் சுமக்க முடியாது. நாவலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

புறநானூற்றில் 112ஆம் பாட்டு ஐந்தே வரி. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு, அவர் மகள்கள் இருவரும் பாடியது. போன மாத நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு. அதே நிலா, அப்பா மட்டும் இல்லை. "காலம் ஆற்றும்", "விதி" என்று ஒரு ஆறுதல் வார்த்தைகூட அதில் கிடையாது, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், இந்த ஐந்து மாதமும் ஆறுதல் சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள். உரையோடு ஒரு முறை, உரை இல்லாமல் ஒரு முறை படியுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

எல்லோருக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்த ஒரு அம்மா எங்கள் நூலகத்துக்கு வருவார், மாதக்கணக்கில் சமையல் குறிப்புப் புத்தகங்களை மட்டுமே எடுத்துப் போனார். அவர் என்ன நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் ஒருநாள் காரணம் கேட்டேன். "இதுல யாரும் சாகறதில்ல பாருங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, துக்கத்தைப் பேசும் புத்தகம் ஒருவருக்கு வேண்டியிருக்கும், துக்கத்திலிருந்து அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கும் புத்தகம் இன்னொருவருக்கு வேண்டியிருக்கும், ஒரே ஆளுக்கே காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும் வேண்டியிருக்கலாம். அப்புறம், வீட்டுக்காரரிடம் ராத்திரி ஒரு பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படி உதவுவது என்று தெரியாமல்தான் அவர் அப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: வயது 26. மார்ச்சில் வேலை போனது. அதிலிருந்து 14 தன்னம்பிக்கை புத்தகங்கள் படித்துவிட்டேன். படிக்கும்போது தெம்பாக இருக்கிறது, மறுநாள் காலையில் முன்பைவிட மோசம். சில சமயம் காரணமே இல்லாமல் கண்ணீர் வருகிறது. நான் சோம்பேறியா? (வாசகர், கோவை)

பதில்: தம்பி, நான்கு மாதத்தில் 14 புத்தகம் படித்த பையனைச் சோம்பேறி என்று யார் சொன்னது?

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்கிறீர்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் கொடுத்திருக்கிறார்கள். அழுகைக்குக் கொடுத்த நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மை இகழ்ந்து சிறுமைப்படுத்துவது. இழவும் வறுமையும் உங்களுக்கே தெரியும். அசைவுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது என்று அதற்கு உரை சொல்கிறார்கள். யாரும் சாகவில்லை, பட்டினியும் இல்லை, ஆனால் மார்ச்சுக்கு முன்னால் இருந்த ஆள் இப்போது இல்லை, காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு இப்போது போக இடம் இல்லை, அந்த அழுகைக்கும் ஒரு பெயரை நம் மொழி அப்போதே வைத்திருக்கிறது. ஒரு தாளில் அந்த நான்கு சொற்களையும் எழுதி, அடுத்த முறை அழுகை வரும்போது எது என்று பார்த்துக் குறியுங்கள். வேலை போனதற்காக என்று நினைத்திருப்பீர்கள், பார்த்தால் சித்தப்பா கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்காக அழுதிருப்பீர்கள். அது இளிவு. பெயர் தெரிந்தால் என்ன செய்யலாம் என்று யோசிக்கவாவது பிடி கிடைக்கும்.

இனி அந்த 14 புத்தகங்கள். அதிகாலையில் எழு, பெரிதாகக் கனவு காண், உன்னால் முடியும் என்று உற்சாகம் ஏற்றும் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு, மறுநாள் முடியாமல் போனால் பழி முழுக்கப் படித்தவர் தலையில் விழுகிறது, உடனே அடுத்த புத்தகத்தைத் தேடுகிறோம். மனநல வல்லுநர்கள் எழுதும் பயிற்சிப் புத்தகங்கள் வேறு வகை. என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு நம்மையே எழுத வைக்கும். லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்த வகை உதவுகிறது என்பதால் இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவர்கள் இப்படிப்பட்ட புத்தகங்களைப் பரிந்துரைக்கிறார்கள், மக்கள் அவற்றைப் பொது நூலகத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றைத் தேடி எடுத்து, வாரம் ஓர் அத்தியாயம், கையில் பென்சிலோடு படியுங்கள். பதினைந்தாவதாக இன்னொரு உற்சாகப் புத்தகம் வேண்டாம்.

இன்னொன்று. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். புத்தகத்தால் நீங்கள் பேசுவதைக் கேட்க முடியாது தம்பி, அந்த நேரத்தில் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: மகள் 11ஆம் வகுப்பு. எப்போதும் சோகக் கதையாகவே தேடிப் படிக்கிறாள், படித்துவிட்டு அழுகிறாள். புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று பயமாக இருக்கிறது. (வாசகி, விருத்தாசலம்)

பதில்: பிடுங்காதீர்கள். நம் அகப்பாடல்களுக்கு ஒரு விதி உண்டு, அதில் வரும் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சொல்லக்கூடாது. பெயர் இல்லாததால்தான் படிக்கிற யாரும் அங்கே போய் நின்றுகொள்ள முடிகிறது. உங்கள் மகளும் கதைக்குள் அப்படித்தான் போய் நிற்கிறாள் என்று நினைக்கிறேன், தன் பெயரில் அழ முடியாததை இன்னொருத்தி பெயரில் அழுகிறாள். "உனக்கு என்னடி பிரச்சினை" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். அவள் படித்த கதையை நீங்களும் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு ஏன் அவங்க அம்மாகிட்ட சொல்லாமலே விட்டுட்டா?" என்று காய்கறி நறுக்கிக்கொண்டே கேளுங்கள், முகத்தைப் பார்க்காமல். அவள் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவாள், நடுவில் குறுக்கிட்டுப் புத்தி சொல்லாமல் கேளுங்கள். தோழிகளோடு பேச்சு நின்றுபோனது, சாப்பாடு குறைந்தது, மதிப்பெண் சட்டென்று சரிந்தது, இப்படி ஏதாவது தெரிந்தால் கதையைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அதே 14416 அவளுக்கும்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, கண்பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது. தினமும் மூன்று மணி நேரம் படித்தவர். இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். (வாசகர், சீர்காழி)

பதில்: அந்த மூன்று மணி நேரமும் இப்போது அவருக்கு வெறுமனே இருக்கிறது, கோபம் வராமல் என்ன செய்யும்? ஒலிப் புத்தகங்கள் இருக்கின்றன, போனில் போட்டுக் கொடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் படித்துக் காட்டுங்கள். இருபது நிமிடம் போதும். எதைப் படிப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், உங்களுக்குப் பிடிக்காத பழைய துப்பறியும் கதையாக இருந்தாலும் சரி. ழகரம் சரியில்லை என்று நடுவில் திருத்துவார், திருத்தட்டும், அந்த வேலை அவருக்கு வேண்டும். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் புத்தகத்தைத் திறக்கும் முன், நேற்று எங்கே விட்டோம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.