அடக்கி வாசித்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ (2006) படத்தை ஸ்டீவ் கேரலுக்காகவே பார்த்தேன். ‘தி ஆபீஸ்’ தொடரில் அவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். இந்தப் படத்திலோ அவர் சோர்ந்த முகத்துடன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். சிரிக்க வைப்பது தாத்தாவாக வரும் ஆலன் ஆர்கின்தான். ஆஸ்கரும் அவருக்கே கிடைத்தது. இந்த வேடத்தை ஒரு குணச்சித்திர நடிகரிடம் கொடுத்திருக்கலாமே? நகைச்சுவை நடிகர்களுக்கு ஏன் இப்படிச் சோக வேடங்களில் நடிக்கும் ஆசை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் கேரல் அந்தப் படத்தில் வீணாகிவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் அதில் அடக்கி வாசித்திருக்கிறார். தாளம் கைவந்தவரால் மட்டுமே அப்படி வாசிக்க முடியும்.

தொடக்கத்தில் வரும் சாப்பாட்டு மேசைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையிலிருந்து அன்றுதான் தங்கையின் வீட்டுக்கு வந்திருக்கும் ஃபிராங்க்கின் (கேரலின் பாத்திரம்) மணிக்கட்டுகளில் கட்டுப் போட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று சிறுமி ஆலிவ் கேட்கிறாள். அவளுடைய தந்தை பேச்சை மாற்றப் பார்க்கிறார், தாய் உண்மையைச் சொல்லலாம் என்கிறாள், தாத்தா நடுவில் புகுந்து தன் கருத்தை உதிர்க்கிறார். இத்தனை இரைச்சலுக்கும் இடையே கேரல் குரலை உயர்த்தாமல், வகுப்பில் ஒரு நல்ல கேள்விக்குப் பதில் சொல்லும் பேராசிரியரின் மரியாதையோடு, தன்னை விரும்பாத ஒரு மாணவனைத் தான் காதலித்ததைச் சொல்கிறார். அது அசட்டுத்தனம் என்கிறாள் ஆலிவ். ஆமாம், மிகவும் அசட்டுத்தனம்தான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பதில் ஒரு கணம் முந்தியிருந்தால் வெறும் ஜோக்காகியிருக்கும், ஒரு கணம் பிந்தியிருந்தால் சுயபச்சாதாபமாகியிருக்கும். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்குப் பெயர்தான் டைமிங். தாத்தாவின் வசனங்களுக்கு நாம் சிரிப்பதும், அவற்றை வாங்கிக்கொள்ளும் முகம் எதிரில் அசையாமல் இருப்பதால்தான்.

குணச்சித்திர நடிகர் ஒருவர் இதைத் திறமையாகச் செய்திருக்கலாம். ஆனால் கேரலைப் பார்க்கும்போது, இவர் எப்போது வெடிப்பார் என்று நீங்கள் காத்திருந்தீர்கள் அல்லவா? அந்தக் காத்திருப்பை வேறு எவராலும் படத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. பாத்திரம் உள்ளே அழுத்தி வைத்திருக்கும் துயரமும், நடிகர் அழுத்தி வைத்திருக்கும் சேட்டையும் நம் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான், ஆலிவ் கலந்துகொள்ளவிருக்கும் சிறுமியர் அழகிப் போட்டிக்குப் பெயர் பதியும் நேரம் முடிவதற்குள் ஃபிராங்க் ஓடும் அந்த விநோதமான ஓட்டம் அத்தனை சிரிப்பையும் அத்தனை பரிவையும் ஒருசேரத் தருகிறது.

எல்லோரும் இதில் வெல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாடியும் தணிந்த குரலும் இருந்தால் ஆழம் வந்துவிடும் என்று நம்பி, தங்களிடம் இருந்த தாளத்தையே கைவிட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய உங்கள் அலுப்பு எனக்கும் உண்டு.

ஏன் இந்த ஆசை என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸை நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாவலின் தோட்டக்காரன் வேடத்துக்காக அவர் பல ஆண்டுகள் முயன்றார். 1979இல்தான் ‘பீயிங் தேர்’ படமாக அது கைகூடியது. தொலைக்காட்சி வழியாக மட்டுமே உலகை அறிந்த, முகத்தில் ஏறக்குறைய எந்தச் சலனமும் இல்லாத மனிதன் அவன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, வசனத்தை முடிக்க முடியாமல் செல்லர்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கும், படத்தில் சேராத துண்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தான் பாடுபட்டு உருவாக்கிய மயக்கத்தை அது கலைத்துவிட்டது என்று அவர் மிகவும் வருந்தினார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். அந்தச் சிரிப்புத் துண்டைப் பார்த்த போதெல்லாம் எனக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. இருந்தும் அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.