லேசர் கிளாடிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: லேத் பட்டறை வைத்திருக்கிறேன் சார். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்த ஷாஃப்ட் வந்தால் ஆர்க் வெல்டிங்கில் பில்ட்-அப் போட்டுக் கடைந்து கொடுக்கிறோம். லேசரில் அதைவிட என்ன கிடைக்கும்?

ப: ஆர்க் வெல்டிங் போட்டதும் ஷாஃப்ட் வளைந்து, அதை நிமிர்த்த நீங்கள் படும் பாடு பெருமளவு மிச்சமாகும். லேசர் கிளாடிங் என்றால் உலோகப் பரப்பின் மேல் இன்னொரு உலோகத்தை லேசரால் உருக்கி அடுக்காகப் படியவைப்பது. லேசர் சில மில்லிமீட்டர் அகலத்தை மட்டும் உருக்குகிறது. உருகிய உலோகம் நிற்கும் அந்தச் சின்னக் குட்டைக்குள் ஆர்கான் வாயு உலோகப் பொடியைக் கொண்டுவந்து தூவுகிறது. அடியிலுள்ள இரும்பு மேலே கலப்பதை 5 சதவீதத்துக்குள் நிறுத்தலாம். ஆர்க்கில் 20 சதவீதம் என்பது சாதாரணம். துருப்பிடிக்கக் கூடாது என்றுதானே இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவையைப் போடுகிறோம்? அதில் இரும்பு கலந்துவிட்டால் போட்ட காசு வீண். அதனால்தான் ஆர்க்கில் இரண்டாவது அடுக்கும் போட வேண்டிவருகிறது.

கே: பொடியைச் சூடாக்கி அதிவேகத்தில் அடிக்கும் எச்.வி.ஓ.எஃப். ஸ்ப்ரே போதாதா?

ப: பல வேலைகளுக்குப் போதும். உராய்வு மட்டும் இருக்கும் இடத்தில் ஸ்ப்ரேயில் போட்ட டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் அருமையாக உழைக்கும். ஆனால் அது மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய பரப்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. ஓரத்தில் அடிபட்டால் பெயர்ந்துவிடும். கிளாடிங் உருகி ஒட்டுவது, அவ்வளவு சுலபமாகப் பெயராது.

கே: மெக்கானிக்கல் படிக்கிறேன். தொழிற்சாலையில் இதை முதலில் எங்கே பயன்படுத்தினார்கள்?

ப: 1980களின் தொடக்கத்தில் ரோல்ஸ் ராய்ஸ் பயன்படுத்தியதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆர்பி211 விமான எஞ்சினின் டர்பைன் பிளேடுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் கோபால்ட் கலவை போட்டார்கள். அதுவரை கையால் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையால் செய்யும் ஆர்க் வெல்டிங்) செய்த வேலை அது.

கே: தொட்டியில் முக்கி மின்சாரத்தால் குரோமியம் பூசும் ஹார்டு குரோம் பிளேட்டிங்குக்கு ஐரோப்பாவில் கெடுபிடி என்கிறார்கள். லேசர் அதற்கு மாற்றாகுமா அண்ணா?

ப: நல்ல கேள்வி. குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. ஆனால் வழக்கமான லேசர் கிளாடிங் அந்த இடத்தைப் பிடித்துவிட முடியவில்லை. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நகரும், படிவதும் அரை மில்லிமீட்டருக்கு மேல். நீளமான ஹைட்ராலிக் ராடுக்கு இது கட்டுப்படியாகாது.

ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் லேசர் நிறுவனத்தார் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பொடி உலோகத்தைத் தொடும் முன்பே, மேலேயே லேசரில் உருகும்படி, பொடியைத் தூவும் நாசிலை அமைத்தார்கள். குட்டைக்குள் பொடி விழுந்து உருகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேகம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போய்விட்டது, தடிமன் 25 முதல் 250 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த அதிவேக லேசர் கிளாடிங்குக்கு ஈ.எச்.எல்.ஏ. என்று பெயர். 2017இல் ஜோசப் ஃபான் ஃபிரான்ஹோஃபர் பரிசும் வாங்கியது. குரோம் பூச்சில் முடி போன்ற விரிசல்கள் இருக்கும், கடல் நீர் அதன் வழியே அடிவரை இறங்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. ஒன்று மட்டும், அந்த வேகம் வேண்டுமென்றால் பொருள் சுழல வேண்டும். உருண்டை வேலைக்குப் பிரமாதம், தட்டையான தகடு என்றால் அந்த வேகத்துக்கு ஓட்டுவது பெரும்பாடு. கடைசியில் கிரைண்டிங்கும் உண்டு.

கே: நிக்கலோடு டங்ஸ்டன் கார்பைடு கலந்து போட்டால் விரிசல் விடுகிறது. என்ன தவறு?

ப: எங்கள் ஷாப்பிலும் நடந்தது. வேலை முடிந்து டீ குடிக்கப் போனால், ஆறும்போது பின்னாலிருந்து ‘டிக்... டிக்’ என்று சத்தம். அடி உலோகத்தைச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள், ஆறுவதும் மெதுவாக ஆறட்டும். லேசர் பவரையும் குறையுங்கள். பவர் கூடினால் கார்பைடு மணிகள் கரைந்து சுற்றியுள்ள நிக்கலையும் நொறுங்கலாக்கிவிடும். அவ்வளவு செய்தும் கார்பைடு நிறைய உள்ள பூச்சில் மெல்லிய விரிசல் வரலாம். தேய்மானம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நீர் கசியக் கூடாத இடத்தில் கூடாது.

கே: கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. அதிலேயே பொடி தூவிப் பார்க்கலாமா?

ப: வேண்டாம். அந்த லேசர் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரான் அளவு, கண்ணுக்கே தெரியாது. பளபளப்பில் பட்டுத் திரும்பி வந்தால் கண் சிமிட்டக்கூட நேரம் இருக்காது, விழித்திரை போய்விடும். சாதாரண வெல்டிங் கண்ணாடி இதற்குக் காப்பு இல்லை.

கே: சின்னப் பட்டறைக்குச் செலவு கட்டுமா?

ப: மலிவான பின், புஷ் போன்ற சின்னப் பாகங்களை எல்லாம் புதிதாகவே போட்டுவிடுங்கள். புதிது வர மாதக்கணக்கில் ஆகும் பெரிய ஷாஃப்ட் என்றால் மட்டும், கிளாடிங் செய்யும் இடத்தில் கொடுத்து வாங்குங்கள். கடைசிக் கடைசலை உங்கள் லேத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.